நூலும் மருந்தே

மருத்துவத்தைப் பற்றிப் பேசப் புகுந்த திருவள்ளுவர், அதற்கு நான்கு உறுப்புகள் உண்டு என்று வகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன் ஒருவன், மருந்து ஒன்று, அம்மருந்தை அருகிலிருந்து அளிப்பவன் ஒருவன். முதல் மூன்றையும் எவரும் எளிதில் சொல்லிவிடுவர். நான்காமவனை மறவாமல் சேர்த்துக்கொண்டதிலேதான் வள்ளுவரின் நுட்பம் விளங்குகின்றது. உடல் நோய்க்குச் சொன்ன இந்தப் பகுப்பு உள்ளத்து நோய்க்கும் பொருந்துமா? உள்ளம் சோர்ந்தவனுக்கு ஒரு நூல் மருந்தாகக்கூடுமா? ஆகுமாயின், அதனை அருகிலிருந்து அளிப்பவன் யார்? முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இவ்வினாக்களைப் பற்றி நான் அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

நூல்களைக் கொண்டு மனத்துயரைத் தணிக்கும் முறையை மேனாட்டார் 'பிப்லியோதெரபி' என்று வழங்குகின்றனர். நாம் அதனை நூல்வழிச் சிகிச்சை எனலாம். அமெரிக்க எழுத்தாளர் சாமுவேல் குரோதர்ஸ் என்பவர் 1916-ஆம் ஆண்டில் 'அட்லாண்டிக் மன்த்லி' என்னும் இதழில் எழுதிய ஒரு கட்டுரையிலே இச்சொல்லை முதன்முதலாக வழங்கினார். நூல்களையே மருந்தாக எழுதிக் கொடுக்கும் ஒரு மருத்துவசாலையை அவர் நகைச்சுவையாகக் கற்பனை செய்திருந்தார். விளையாட்டாகப் பிறந்த சொல் பின்னர் வினைமுறையாகவே நிலைத்துவிட்டது. கிரேக்க மொழியில் 'பிப்லியோன்' என்பது நூல். 'தெரபேயா' என்பதற்குச் சிகிச்சை என்ற பொருளோடு பணிவிடை என்ற பொருளும் உண்டு. வள்ளுவர் குறித்த நான்காமவனின் தொழிலும் பணிவிடையே அன்றோ!

சொல் புதிது; செயலோ நம் நாட்டில் மிகப் பழையது. பாரதத்தின் வன பருவத்தை எண்ணிப் பாருங்கள். சூதாட்டத்தில் நாடிழந்த தருமபுத்திரர் காமியக வனத்தில் இருக்கின்றார். அருச்சுனன் தெய்வப்படை வேண்டித் தவம் செய்யச் சென்றிருக்கின்றான். வீமனோ அண்ணனைக் கடிந்து பேசுகின்றான். அந்த வேளையில் பிருகதசுவர் என்னும் முனிவர் அங்கு வருகின்றார். "என்னைக் காட்டிலும் துன்பமுற்ற அரசன் இவ்வுலகில் எவனேனும் உண்டோ?" என்று தருமர் அவரிடம் வினவுகின்றார். முனிவர் அறவுரை எதுவும் கூறவில்லை. கதை ஒன்று கூறினார். சூதினாலே நாடிழந்து, மனைவியைப் பிரிந்து, உருமாறி, மீண்டும் யாவும் பெற்ற நளனுடைய கதை அது. கதை முடிந்த பின்னர், சூதாட்டத்தின் நுணுக்கத்தையும் தருமருக்குக் கற்பித்துச் சென்றார். துயருற்றவனுக்கு முதலில் ஒரு துணைவனைக் காட்டினார்; பிறகு அவன் வீழ்ந்த இடத்திலேயே எழுந்து நிற்பதற்குரிய திறனையும் அளித்தார். இதனினும் செம்மையான நூல்வழிச் சிகிச்சை உண்டோ?

அந்தக் கதைதான் என்னையும் இந்நெறியிலே செலுத்தியது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசிக்குச் செல்லும் சாலையில், செய்யாற்றங்கரையை ஒட்டி அமைந்தது எங்கள் பெருநகர். தைப்பூசத்தன்று சுற்று வட்டாரத்து ஊர்த் தெய்வங்களெல்லாம் ஆற்று மணலிலே வந்து கூடும் ஊர் அது. உத்திரமேரூர் வட்டத்தைச் சேர்ந்த அந்த ஊரில் ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நான் பிறந்தேன். எங்கள் பாட்டனாரிடம் 'பெரிய எழுத்து' நூல்கள் சில இருந்தன. நளமகாராஜன் கதை, விக்கிரமாதித்தன் கதை முதலியவை அவை. சாணித்தாள் போன்ற முரட்டுக் காகிதத்தில் தடித்த எழுத்துக்களில் அச்சிட்ட அந்நூல்களைப் படிக்கவும் அவருடைய கண்பார்வை இடம் கொடாமற் போகவே, படிக்கும் பணி என்னைச் சேர்ந்தது. நான்காம் வகுப்பு மாணவனாகிய நான் திண்ணையிலமர்ந்து உரக்கப் படிப்பேன். தெருவார் சிலர் வந்து கேட்பர்.

சனி பகவானால் துன்புறுகிறவர்கள் நளன் கதையைப் படித்தாலும் கேட்டாலும் துன்பம் குறையும் என்னும் நம்பிக்கை நம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. எங்கள் தெருவில் ஒரு குடியானவர், அடுத்தடுத்து இரண்டு போகம் விளைவு பொய்த்து, உழவு மாடும் இறந்துபோக, வீட்டிலே யாரோடும் பேசாமல் இருந்தார். அவரை என் பாட்டனார் அழைத்து வந்து திண்ணையில் அமரச் செய்தார். நடுக்காட்டில் நள்ளிரவில் தமயந்தியை நளன் பிரிந்து செல்லும் பகுதியை நான் படித்துக்கொண்டிருந்தபோது, அவர் மேல்துண்டினால் முகத்தை மூடிக்கொண்டார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். நான்காம் நாள், "நளன் மீண்டுவர எத்தனை ஆண்டு ஆயிற்று, தம்பி?" என்று என்னைக் கேட்டார். பிறகு, விதை நெல் கடனாகக் கிடைக்குமா என்று என் பாட்டனாரை விசாரித்தார். கோள்களின் பெயர்ச்சியைப் பற்றி நான் ஒன்றும் அறியேன். ஆனால், வாய் திறவாதிருந்த மனிதர் ஒருவர் கதை கேட்டுப் பேசத் தொடங்கியதை என் கண்களாலேயே கண்டேன்.

அன்று முதல் படிப்பில் எனக்கு ஏற்பட்ட வேட்கைக்கு அளவில்லை. 'அம்புலிமாமா' வரும் வீட்டை அறிந்து அங்கே போய்க் காத்திருப்பேன். கிளை நூலகத்தில் உறுப்பினனாவதற்கு வேண்டிய சிறு தொகையைத் திருவிழாக் காசிலே சேர்த்து வைத்துக் கட்டினேன். பின்னர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலே கல்வி உளவியல் என்ற பாடத்தைப் படிக்கும்போது, திண்ணையிலே கண்ட காட்சிக்கு ஒரு விளக்கம் இருக்கவேண்டுமே என்ற எண்ணம் எழுந்தது. தேடிப் படித்ததில் அதுவும் கிடைத்தது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1949-ஆம் ஆண்டில் கரோலின் ஷ்ரோட்ஸ் என்னும் அம்மையார் இப்பொருள் பற்றி ஆராய்ச்சியுரை ஒன்று அளித்தார். படிப்பவன் உள்ளத்திலே நிகழ்வனவற்றை அதில் மூன்று படிகளாக அவர் பகுத்தார். முதலாவது, கதைமாந்தரோடு தன்னை ஒன்றச் செய்தல். இரண்டாவது, அடைபட்டிருந்த உணர்ச்சி வழிந்து வடிதல். மூன்றாவது, தன் நிலையைத் தானே தெளிவாகக் காணுதல். எங்கள் தெருக் குடியானவர் நளனோடு ஒன்றினார். துண்டினால் முகத்தை மூடி அழுதார். பின்பு விதை நெல்லைப் பற்றி விசாரித்தார். அம்மையார் சொன்ன மூன்று படிகளையும் அவர் எழுத்தறியாமலே கடந்துவிட்டார்!

இப்படிகளைக் கடந்தவர் ஒருவருடைய வரலாற்றை ஏட்டிலேயே காணலாம். ஆங்கில நாட்டுப் பேரறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், மூன்றாம் வயதிலேயே கிரேக்கம் கற்கத் தொடங்கியவர். தந்தையாரின் கடுமையான பயிற்சியினால் அறிவு வளர்ந்தது, உணர்ச்சியோ வறண்டது. 1826-ஆம் ஆண்டில், இருபதாம் வயதில், எதிலும் விருப்பமற்ற பெருஞ்சோர்வு அவரைப் பற்றியது. மார்மொந்தெல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர், சிறுவனாக இருந்தபோது தம் தந்தையை இழந்ததையும், குடும்பத்தாருக்குத் தாமே துணையாக நிற்பதென்று உறுதிகொண்டதையும் எழுதியிருந்தார். அப்பகுதியைப் படித்தபோது மில் கண்ணீர் விட்டார். தமக்கு உணர்ச்சி செத்துவிடவில்லை என்று அப்பொழுதுதான் அவருக்குத் தெரிந்தது. பிறகு பைரனின் கவிதைகளைப் படித்துப் பார்த்தார். அவை பயன் தரவில்லை. அக்கவிஞரின் மனநிலையும் தம்முடையது போலவே கசந்திருந்தது என்கின்றார். 1828-ஆம் ஆண்டில் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளைப் படித்தபோதுதான் அவருக்கு நிலையான ஆறுதல் கிட்டியது. ஆகவே, ஒருவனுக்கு ஏற்ற நூல் எது என்பது பெரிய வினா. துயரத்தில் இருப்பவன் கையில் துயர நூல் ஒன்றைத் திணிப்பது மருத்துவம் ஆகாது.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் ஒளிவிளக்கு உண்டு. கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனாருக்கு 1908-ஆம் ஆண்டில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தபோதிலும், கோயமுத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுக்க நேர்ந்தது. பெரும் பொருளும் புகழும் கொண்ட வழக்கறிஞர் ஒருவருக்கு அந்நிலை எத்தகையது என்று சொல்லவும் வேண்டுமோ! அத்தகைய துன்பக் காலத்திலேதான் ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலொன்றை 'மனம்போல வாழ்வு' என்ற பெயரில் அவர் தமிழாக்கினார். அது 1909-ஆம் ஆண்டில் வெளிவந்தது. எண்ணம் எவ்வாறோ வாழ்வும் அவ்வாறே என்பது அந்நூலின் கருத்து. உடல் பிறர் வசமாகிவிட்ட நிலையில், எண்ணமேனும் தம் வசத்தில் இருக்கவேண்டும் என்று அவர் கருதினார் போலும். 1912-ஆம் ஆண்டு இறுதியில் விடுதலை பெற்ற பின்னரும் அதே ஆசிரியரின் வேறு நூல்களையும் அவர் மொழிபெயர்த்தார். தாம் அருந்திப் பயன்கண்ட மருந்தைத் தம் மக்களுக்கும் எடுத்து ஊட்டினார். நோயுற்றவரே அருகிலிருந்து அளிப்பவராகவும் ஆனார்.

இனி, இதனையே தொழிலாக ஏற்றவரைப் பார்ப்போம். அமெரிக்காவில் டஸ்கீகீ என்னும் ஊரில், முதல் உலகப் போரில் ஈடுபட்ட கறுப்பினப் போர்வீரர்களுக்கென ஒரு மருத்துவமனை இருந்தது. அதன் நூலகத்துக்கு 1924-ஆம் ஆண்டில் சேடி பீட்டர்சன் டிலேனி என்னும் அம்மையார் பொறுப்பேற்றார். நோயாளிகள் ஒவ்வொருவரோடும் பேசி, மருத்துவரையும் கலந்து, இன்னாருக்கு இன்ன நூல் என்று தேர்ந்து அளித்தார். கண்ணிழந்த வீரர்களுக்குப் புடைப்பெழுத்தைக் கற்பித்துப் படிக்கச் செய்தார். 1958-ஆம் ஆண்டில் மறையும் வரையில் அப்பணியிலேயே அவர் இருந்தார்.

அதே 1924-ஆம் ஆண்டில்தான், சீர்காழியிலே பிறந்து கணித ஆசிரியராக இருந்த எஸ். ஆர். இரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அமர்ந்தார். 1931-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் இரண்டின் கருத்து நமக்கு இன்றியமையாதது. படிப்பவர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் ஒன்று உண்டு. நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் ஒருவர் உண்டு. இவ்விருவரையும் சந்திக்கச் செய்வதே நூலகரின் கடமை. அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டு வண்டி நூலகம் ஒன்று தொடங்கப்பெற்றது. நூலைத் தேடி வர இயலாத சிற்றூர் மக்களை நூலே தேடிச் சென்றது. 1948-ஆம் ஆண்டில் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் அதுவே முதலாவது. என் போன்ற நாட்டுப்புறச் சிறுவர்களுக்கு நூல் கிட்டியதெல்லாம் அப்பெரியார்களின் கொடையே ஆகும்.

நான் ஆசிரியனானபோது இவற்றைச் சிறு அளவில் கடைப்பிடித்தேன். பள்ளி நூல்களைப் பூட்டிவைத்த அலமாரியிலிருந்து எடுத்துத் திறந்த தட்டுகளில் அடுக்கினேன். மாலை வேளையில் அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருப்பேன்; யார் வேண்டுமானாலும் வரலாம். ஒரு நிகழ்ச்சியை மட்டும் கூறுகின்றேன். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் சாலை விபத்தில் தந்தையை இழந்தான். பதினாறாம் நாள் கழிந்து பள்ளிக்கு வந்தவன், யாரிடமும் பேசவில்லை. படிப்பை விட்டு வேலைக்குப் போகப் போவதாக அவன் தாயார் வந்து அழுதார். நான் அவனுக்கு அறிவுரை எதுவும் கூறவில்லை. நூல்களை அடுக்கித் தர ஆள் வேண்டும் என்று மட்டும் கூறி அவனை அழைத்துக்கொண்டேன். மேசைமீது நான்கைந்து நூல்களை வைத்திருந்தேன், அவற்றுள் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' ஒன்று.

அவன் அதனையே எடுத்தான். அது பெரிய நூல். நாள்தோறும் சில பக்கங்களாகப் படித்தான். 1876-ஆம் ஆண்டில் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்ததை ஐயரவர்கள் எழுதியிருக்கும் பகுதிக்கு ஒருநாள் வந்து சேர்ந்தான். நூலை மூடிவிட்டு நெடுநேரம் இருந்தான். பிறகு, "ஐயா, இவருக்கு எல்லாமாக இருந்தவர் போய்விட்டாரே; அப்புறம் எப்படிப் படித்தார்?" என்று கேட்டான். ஒரு மாதத்துக்குப் பின் அவன் பேசிய முதற் பேச்சு அது. "மேலே படித்துப் பார், தம்பி" என்றேன். ஐயரவர்கள் திருவாவடுதுறை மடத்திலே தொடர்ந்து கற்றதையும், 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானதையும், 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததையும் அவன் படித்தறிந்தான். அதற்குள் தன் தந்தையைப் பற்றியும் என்னிடம் சிறிது சிறிதாகப் பேசத் தொடங்கியிருந்தான். துயரம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தந்தையை இழந்த துயரம் ஓராண்டில் தீர்வதன்று. அவன் தேர்வு எழுதினான், மேலும் படித்தான். இன்று அவனும் ஓர் ஆசிரியன்.

இதில் மருத்துவன் யார்? நான் அல்லேன். அவன் தானே படித்தான், தானே அழுதான், தானே தெளிந்தான். நான் செய்தவை மூன்றே: நூல்களை அவன் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன், இதைப் படி என்று வற்புறுத்தாமல் இருந்தேன், அவன் பேச விரும்பியபோது அங்கே இருந்தேன். நூல்வழிச் சிகிச்சையின் சாரமும் இதுவே என்பது என் துணிபு. அருகில் ஒருவர் இல்லாதவிடத்து, நூல் பல வேளைகளில் பாதி மருந்தாகவே நின்றுவிடுகின்றது.

மருந்துக்கு அளவும் எல்லையும் உண்டல்லவா? இதற்கும் உண்டு. 1774-ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதே, காதலில் தோல்வியுற்று உயிரை மாய்த்துக்கொள்ளும் இளைஞன் ஒருவனைப் பற்றிய புதினம் வெளியிட்டார். அது இளைஞர்களைத் தவறான வழியில் செலுத்தும் என்று அஞ்சி, லைப்சிக் நகரத்தார் அடுத்த ஆண்டிலேயே அதனைத் தடை செய்தனர். ஆற்றல் உள்ள பொருள் எதுவும் ஆளறிந்து தரத்தக்கதே.

1989-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலார் ஃபாரஸ்ட் ஸ்கோகினும் அவர்தம் குழுவினரும் மனச்சோர்வுற்ற முதியோர்க்கு உரிய நூல்களைக் கொடுத்துப் பரிசோதித்து, அவை பயன் தருவதைக் கண்டனர். ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் இலேசான, இடைத்தரமான சோர்வு உடையவர்களே என்பதைக் கருத வேண்டும். இங்கிலாந்தில் 2013-ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம் ஒன்றின்படி, மருத்துவர்கள் நல்ல நூல்களைப் பரிந்துரைக்க, பொது நூலகங்கள் அவற்றை இரவல் தருகின்றன. அங்கும் நூல் மருத்துவருக்குத் துணையே. மருத்துவருக்கு மாற்று அன்று.

என் பள்ளியிலும், உறக்கமும் உணவும் அற்று, வாழ்வே வேண்டாம் என்று தோழியிடம் கூறிய மாணவி ஒருத்தியின் செய்தி எனக்கு எட்டியது. அன்று நான் நூலகத்தைத் திறக்கவில்லை. அவள் பெற்றோரை வரவழைத்து, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் செய்தேன். சிகிச்சை பெற்று அவள் தேறினாள். நூல்களெல்லாம் பிறகு வந்தன. உங்களுக்கோ உங்கள் தோழருக்கோ அத்தகைய நிலை நேருமாயின், சிறிதும் தாமதிக்காமல் பெரியவர் ஒருவரிடம் கூறுங்கள். 2022-ஆம் ஆண்டில் இந்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் இலவசத் தொலைபேசிச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். மருந்து வேண்டிய இடத்தில் மருந்தையே நாட வேண்டும்.

மாணவச் செல்வங்களே! நூல்களை நீங்கள் தேர்வுக்காகப் படிக்கின்றீர்கள், அது வேண்டியதே. அதனோடு, எந்தத் தேர்விலும் கேட்கப்படாத நூல் ஒன்றை எப்பொழுதும் கையில் வைத்திருங்கள். மனம் நன்றாக இருக்கும் நாளிலேயே படிக்கும் பழக்கத்தைத் தேடிக்கொள்ளுங்கள். வீடு பற்றி எரியும்போது கிணறு தோண்ட இயலாது. நீங்கள் படித்தவற்றுள் எது எந்த வேளையில் உங்களைத் தாங்கியது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அது பிற்காலத்தில் உங்களுக்கே மருந்துப் பெட்டியாக உதவும்.

இன்னும் ஒன்று. உங்கள் வகுப்பிலே வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் தோழன் ஒருவன் இருப்பான். அவனுக்கு அறிவுரை கூற வேண்டா. ஏன் இப்படி இருக்கிறாய் என்று துளைத்தெடுக்கவும் வேண்டா. நீங்கள் விரும்பிப் படித்த நூலொன்றை அவன் மேசைமேல் வைத்து, "முடிந்தபோது படி" என்று கூறி, பக்கத்திலே அமருங்கள். மருத்துவராவதற்கு நெடுங்காலம் கற்க வேண்டும். வள்ளுவர் சொன்ன நான்காமவராவதற்கு ஒரு நூலும், சிறிது பொறுமையும், அருகில் இருக்கும் மனமுமே போதும்.